வினிகரும் வாட்டர் கிளாஸும்: வீட்டில் சிலிசிக் அமிலம் செய்வது எப்படி

சிலிசிக் அமிலம் பாட்டிலில் கிடைக்காது. தண்ணீரில் நன்றாக நீர்த்திருக்கும்வரைதான் அது அமிலமாக இருக்கும், கொஞ்சம் செறிவு கூடினாலே மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு கூழாகிவிடும். அந்தப் பெயரில் விற்கும் வெள்ளைத் தூள்கூட நீரேறிய சிலிக்காதான் (சிலிக்கா என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்). ஆகவே வேண்டும்போது நாமே செய்துகொள்ள வேண்டும். மலேசியப் பள்ளிகளில் படிவம் 4, 5 பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு இது அருமையான பரிசோதனை.

சோடியம் சிலிக்கேட் கரைசல் வேண்டும், வாட்டர் கிளாஸ் என்று கேட்டால் மட்பாண்டக் கலைப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். கூடவே வெள்ளை வினிகர், வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்). வாட்டர் கிளாஸ் கடுமையான காரம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

10 மில்லி வாட்டர் கிளாஸை 50 மில்லி வடிநீரில் கலக்குங்கள். இன்னொரு பிளாஸ்டிக் கப்பில் 70 மில்லி வினிகர். இப்போது சிலிக்கேட்டைத்தான் வினிகரில் ஊற்ற வேண்டும், மெதுவாக, கிளறிக்கொண்டே. மாற்றி ஊற்றினால் வினிகர் விழுந்த இடத்திலேயே வெள்ளை வெள்ளையாகத் திரண்டுவிடும், தெளிந்த கூழ் வராது. சரியாக வந்தால் முதலில் தண்ணீர் மாதிரியே இருக்கும், அப்புறம் லேசான நீலப் புகைபோல மங்கும், பிறகு கப்பைச் சாய்த்தாலும் அகர் அகர் மாதிரி அசையாமல் நிற்கும். இதற்குச் சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம்; வினிகர் கூடினால் தாமதமாகும். நாலைந்து கப்பில் வினிகர் அளவை மாற்றி வைத்து நேரம் குறிக்கச் சொல்லுங்கள், அதுதான் இதில் உண்மையான அறிவியல்.

உள்ளே நடப்பது இது: வினிகர் பட்டதும் சிலிக்கேட் சிலிசிக் அமிலமாகும். அதில் ஒவ்வொரு சிலிக்கானையும் சுற்றி நான்கு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) இருக்கும். இரண்டு மூலக்கூறுகள் சேரும்போது ஒரு தண்ணீர் வெளியேறும், நடுவில் ஓர் ஆக்சிஜன் பாலமாக நிற்கும். இப்படியே வலையாகப் பின்னி, மீதித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூழைத் துண்டு போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, மிதமான சூட்டில் காயவைத்தால் சுருங்கி வெடித்துக் கண்ணாடிச் சில்லாகும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் இந்த வகைதான்.

மலையிலும் இதே அமிலம்தான். கரியமில வாயு கரைந்த மழைநீர் கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை அரித்துக் களிமண்ணாக்கும்போது சிலிசிக் அமிலம் ஆற்றோடு போய்க் கடலில் டயாட்டம் பாசிகளுக்கு ஓடு கட்ட உதவுகிறது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் குவார்ட்ஸ் (படிகமான சிலிக்கா) சுமார் 10 மில்லிகிராம்தான் கரையும், ஆனால் பூமிக்கடியில் 300 டிகிரி சூட்டில் பல நூறு மில்லிகிராம். அந்த வெந்நீர் பிளவு வழியே ஏறி ஆறும்போது குவார்ட்ஸைப் படியவிடும். கோலாலம்பூர் அருகே தாமான் மெலாவாத்திக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்ஸ் மலைமுகடு புக்கிட் தாபூர் அப்படி வந்ததுதான், அந்த முகடு 14 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஆனால் கூழ் இறுகித்தான் தாபூர் ஆனது என்று கண்காட்சிப் பலகையில் எழுதிவிடாதீர்கள். கூழில் படிக ஒழுங்கே கிடையாது, மலையில் இருப்பதோ நல்ல படிகம்.

மிச்சக் கலவையைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். கப்பிலேயே உறையவிட்டுக் குப்பையில் போடுங்கள்.