நரிக்கு முகம் வரைவோம்: விலங்கு பந்துமூட்டு பொம்மைகள், முதல் முறை செய்பவர்களுக்கு

பந்துமூட்டு பொம்மை என்பது ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த துண்டுகளை, உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு இழுத்துப் பிடித்து நிற்கவைக்கும் பொம்மை. 1999இல் ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபி என்ற பந்துமூட்டு பொம்மையைக் கொண்டுவந்த பிறகு இதைச் சேர்ப்பவர்கள் பெருகினார்கள். நரி, பூனை, மான், முயல் என்று விலங்கு வடிவங்களும் இன்று நிறையக் கிடைக்கின்றன. எனக்கு இவைதான் உயிர். மனித முகத்தில் உதடும் புருவமும் பேசும், விலங்கு முகத்தில் ரோமம் பேசும்.

முதல் பொம்மை சின்னதாக, 25 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். முகத்துக்கு வண்ணம் பூசாததாகக் கேளுங்கள். விலை குறைவு என்று நகல் வார்ப்பை வாங்காதீர்கள், அது சிற்பியின் உழைப்பைத் திருடுவது. ஆர்டரின் பேரில்தான் பலர் வார்க்கிறார்கள் என்பதால் சில மாதம் காத்திருக்க வேண்டி வரும்.

பொம்மை வந்ததும் தலையைக் கழற்றுங்கள். கழுத்துக்குள் இருக்கும் எஸ் வடிவக் கொக்கியை இழுத்துத் திருப்பினால் வந்துவிடும். கயிற்றைக் கையிலிருந்து நழுவ விடாதீர்கள், சடாரென்று உள்ளே ஓடிவிடும்.

வார்ப்பு அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு இருக்கும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முதலில் 400, அப்புறம் 800 எண்ணில் தேயுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து மேட் ஸ்ப்ரே, அதாவது பளபளப்பில்லாத பூச்சு. வெறும் ரெசினில் பென்சில் பிடிக்காது, இந்தப் பூச்சுதான் பிடிப்பு கொடுக்கும். சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடியுங்கள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் காயட்டும். திறந்த வெளியில், ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடியோடு மட்டும் செய்யுங்கள். துணி மாஸ்க் போதாது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் அடித்தால் முகம் வெள்ளை பூத்துவிடும்.

இப்போது வண்ணம். சாஃப்ட் பேஸ்டல் கட்டியைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி, மென்மையான பிரஷில் தொட்டு, நெற்றியிலும் காதிலும் செம்பழுப்பைத் தடவுங்கள். செந்நரிக்கு வாயோரமும் தொண்டையும் வெள்ளை, காதின் பின்புறம் கறுப்பு. ஒரே நாளில் ஆழமான நிறம் வராது. தடவி, ஸ்ப்ரே அடித்து, மறுபடி தடவ வேண்டும்.

ரோமத்துக்கு வாட்டர்கலர் பென்சிலை ஊசிபோல் சீவிக்கொள்ளுங்கள். என் முதல் நரிக்கு ரோமத்தை நெற்றியிலிருந்து மூக்கை நோக்கி வரைந்தேன். நிறமெல்லாம் சரி, ஆனால் முகம் மழையில் நனைந்ததுபோல் தொங்கியது. ஒரு நரியின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: ரோமம் மூக்கிலிருந்து கிளம்பி நெற்றிக்கு ஏறுகிறது, கன்னத்தில் பின்னால் சாய்கிறது. மூக்கருகே எள்ளளவு நீளம், கன்னத்துக்குப் போகப் போக நீளம். கறை தேய்க்கும் மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். பென்சில் முனையை வைத்து அழுத்தாமல் இழுத்துத் தூக்கினால் நுனி கூர்மையாக முடியும். ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் ஒரு பூச்சு ஸ்ப்ரே. அப்போதுதான் அடுத்த அடுக்கில் தவறினாலும் முந்தைய வேலை பிழைக்கும். அசிட்டோன் மட்டும் வேண்டவே வேண்டாம், ரெசினையே அரித்துவிடும்.

கடைசிப் பூச்சு காய்ந்ததும் மூக்கு நுனிக்கும் இமை ஓரத்துக்கும் பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு. மூக்கு ஈரமாகத் தெரியும்.

பொம்மைக்குக் கண் வாங்கும்போது அதன் நடுவிலுள்ள கருமணியின் வடிவத்தைப் பாருங்கள். நரிக்கும் பூனைக்கும் நெடுக்குக் கோடு, ஆட்டுக்கும் மானுக்கும் படுக்கைக் கோடு, முயலுக்கு வட்டம். தலையின் உட்புறம், களிமண்போல் பிசையக்கூடிய புட்டி பசையை உருட்டிவைத்து அதில் கண்ணைப் பதியுங்கள். முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஒரு மயிரிழை அளவு திருப்பித் திருப்பி வையுங்கள். அதிகம் திருப்பினால் மிரண்ட பார்வை. பார்வை உங்கள் மேல் வந்து நிற்கும் ஓரிடம் உண்டு. அங்கே கையை எடுத்துவிடுங்கள்.