மாரியில் கார் அடிபட்டால்

கட்டாக்காலி மாடுகள் மாரியில் ரோட்டில் வந்து படுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்போகத்துக்கு வயல் விதைத்தாயிற்று, மேய்ந்த இடமெல்லாம் வேலி. மிச்சத் தரையெல்லாம் சதசதவென்று ஈரம். தார் ரோடு ஒன்றுதான் கொஞ்சம் மேடு, கொஞ்சம் சூடு. மாட்டுக்குத் தெரிந்த இந்த விஷயம், மூதூரில் படிப்பித்துவிட்டுத் தினமும் திருகோணமலைக்குக் கார் ஓட்டி வரும் எனக்கு அந்த டிசம்பர் வரைக்கும் தெரியாது.

உப்பாறு தாண்டி, கிண்ணியாப் பாலத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம். ஐந்தே முக்கால் மணி. மழை இருட்டி விட்டது. வைப்பர் ஒருதரம் துடைத்த இடைவெளியில் கறுப்பாக ஏதோ எழும்பியது. பிரேக் பிடித்தேன். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. டமாரென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

கார் பழைய அல்டோ. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. காசும் கிடைத்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை. அந்த ஒன்றரை மாத அலைச்சலில் கற்றுக்கொண்டதை, இந்தப் பக்கம் மழைக்குள் ஓடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள். யாருக்காவது காயம் என்றால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பொலிஸுக்கு 119. காயம் இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, நான்கு சிக்னலையும் போட்டுவிட்டு, ரோட்டோரம் பார்த்து இறங்குங்கள். பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்களும் திடீரென்று எழும்பும் ஒரு மாடுதான்.

அடுத்து நாம் எல்லோரும் விடும் பிழை: வெட்கத்தில் காரை உடனே ஓரமாக்குவது. நானும் தள்ளத்தான் போனேன். ஓட்டோவில் வந்த கிண்ணியா நானா ஒருவர் கையைக் காட்டி மறித்தார். “டீச்சர், தள்ளாதீங்க. முதல்ல போட்டோ எடுங்க. ரோட்டையும் சேத்து எடுங்க.” அவருடைய பிள்ளை என்னிடம் படித்ததாம். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் எடுத்தேன். தூர நின்று நான்கு பக்கமும், நம்பர் பிளேட் தெரிய இரண்டு, பிரேக் பிடித்த இடத்திலிருந்து கார் வரைக்கும் ரோடு, ரோட்டில் தேங்கிய தண்ணீர். உடைந்த லைட் கண்ணாடி விழுந்து கிடந்த இடத்தையும் எடுக்கச் சொன்னார். அடிபட்ட இடம் அதுதான் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. போட்டோவோடு ஒரு வீடியோவும் எடுங்கள், இடத்தின் பெயரை வாயால் சொல்லி. ரோட்டை மறித்துக்கொண்டு நிற்க முடியாத நிலை என்றால் இவ்வளவையும் எடுத்தபிறகு ஓரமாக்குங்கள். இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் அதன் நம்பர், ஓட்டியவரின் லைசன், அவருடைய இன்சூரன்ஸ் அட்டை மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஆள் நல்லவர்தான், இருந்தாலும் எடுங்கள்.

மாடு எழும்பி நொண்டிக்கொண்டு பற்றைக்குள் போய்விட்டது. போவதற்குள் நானா அதன் தொடையில் டோர்ச் அடித்து, சுட்டிருந்த குறியைப் போட்டோ எடுக்க வைத்தார். பத்து நிமிடத்தில் மாட்டுக்காரர் வந்தார். கன்றுத்தாச்சி மாடாம், எண்பதாயிரம் வேண்டுமாம். இந்த இடத்தில் காசு கொடுத்துவிடாதீர்கள், “பிழை என்னிலதான்” என்று எழுதியும் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பனிக்குத் தெரியாமல் நீங்கள் ஒப்புக்கொண்ட பொறுப்பைக் கம்பனி ஏற்கவேண்டியதில்லை. நான் “பொலிஸில வைச்சுக் கதைப்பம் அண்ணா” என்று மட்டும் சொன்னேன். இரவில் மாட்டை ரோட்டில் விட்டவர் அவர். பொலிஸ் என்றதும் எண்பது இருபத்தைந்தாக இறங்கி, பிறகு ஆளையே காணவில்லை.

இன்சூரன்ஸ் கம்பனிக்கு நின்ற இடத்திலிருந்தே போன் பண்ண வேண்டும். நம்பர் காப்புறுதி அட்டையிலேயே இருக்கும். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு எடுப்போம் என்று இருந்தால் அங்கேயே முதல் கேள்விக்குறி விழும். வாகன நம்பர், ஓட்டியது யார், லைசன் நம்பர், இடம், காயம், வேறு வாகனம் இவ்வளவும் கேட்பார்கள். நீங்கள் சொல்லும் முதல் வசனம் பதிவாகிறது. பிறகு சேதத்தைப் பார்க்கக் கம்பனி அனுப்பும் அசெசரும், பொலிஸ் என்ட்ரியும், கிளெய்ம் படிவமும் அந்த வசனத்தோடுதான் ஒப்பிடப்படும்.

அந்த வசனத்தில்தான் நான் கெட்டுப்போகப் பார்த்தேன். கம்பனிக்கு எடுக்க முன்னம் சித்தப்பாவுக்கு எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் சட்டம் தெரிந்தவர் என்று பெயர். “மாடு எண்டு சொல்லாத பிள்ளை. மாட்டுக்காரன் நட்டஈடு கேப்பான், கேஸ் இழுபடும். மரத்தில அடிச்சதெண்டு சொல்லு.” எனக்கும் அது சுகமான வழியாகத்தான் பட்டது. ஆனால் சுற்றிவரப் பார்த்தேன், அடிப்பதற்கு அந்த இடத்தில் ஒரு மரமும் இல்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், மரம் இல்லாத குறை.

அசெசர் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. மழைக்காலத்தில் அப்படித்தான், ஒரே ஆள் நாலைந்து இடத்துக்கு ஓடுவார். ரெயின்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்த சின்னப் பொடியன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே முன்னால் போய் முழங்காலில் இருந்து, போன் லைட்டை அடித்து, கிரில்லின் உடைந்த பிளாஸ்டிக்குக்குள் இரண்டு விரலை விட்டார். நான்கைந்து கபில நிற ரோமம். உள்ளங்கையில் வைத்து ஒரு போட்டோ. “மிஸ் மாடு எண்டு சொன்னது நல்லதாப் போச்சு. நேற்று ஒராள் மதில் எண்டவர், பம்பரில சாணி இருந்தது.” மரம் அடித்தால் பம்பர் ஒரு கோட்டில் உள்ளே போகும், மாடு அடித்தால் பொனட்டின் மேல்பக்கம் அகலமாகப் பதியும் என்று எனக்குப் பாடமும் எடுத்தார். ஒருநாளைக்கு இத்தனை கார் பார்க்கிறவருக்குப் பொய் எந்தப் பக்கத்தால் வந்தாலும் தெரியும்.

ஓட்டியவரை மாற்றிச் சொல்வதும் இதே கதைதான். லைசன் இல்லாத தம்பி ஓட்டினான், அண்ணன் ஓட்டியதாகச் சொல்வோம் என்பது ஊரில் சாதாரணமாக நடக்கிறது. பிடிபட்டால் இந்தக் கிளெய்ம் மட்டுமல்ல, பொலிசியே போய்விடும். குடித்திருந்தாலும் கதை முடிந்தது. நிலாவெளிப் பக்கம் சொந்தக் காரில் வெள்ளைக்காரரை வாடகைக்கு ஏற்றுகிறவர்கள், உங்கள் பொலிசி ‘தனிப்பட்ட பாவனை’ என்று இருந்தால் ஹயர் ஓடும்போது நடந்ததற்குக் கம்பனி கையை விரிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அசெசர் டயரையும் போட்டோ எடுப்பார். தேய்ந்து வழுவழுவென்று இருந்தால் அது உங்களுக்கு எதிரான போட்டோ. என்னுடைய முன் டயர் இரண்டும் ஓரளவு நல்லவை, அதனால் தப்பினேன். கார் வழுக்கியது தண்ணீரில். டயரின் வெட்டுக்குள்ளால் வெளியேற முடியாத அளவு தண்ணீர் ரோட்டில் நின்றால், டயர் தாரைத் தொடாமல் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேச்சுக் கேட்காது. உழவு மெஷின் வயலில் இருந்து ஏறிய இடத்தில் சேறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இனிப் பொலிஸ். ஆட்களுக்குக் காயம், இன்னொரு வாகனம், பெரிய சேதம் என்றால் கட்டாயம் என்ட்ரி போடுங்கள். என்ட்ரியின் பிரதியைக் கம்பனி பிறகு கேட்கும். நான் போன நிலையத்தில் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். மெல்ல மெல்ல வாசித்ததில் ‘வேகமாக’ என்றொரு சொல் கண்ணில் பட்டது. நான் சொன்னது நாற்பதில் வந்தேன் என்று. தமிழும் இந்த நாட்டின் ஆட்சி மொழி, வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழியும்கூட. தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். சண்டை பிடிக்கவில்லை, வாங்கில் இருந்தேன். ஒன்றேகால் மணித்தியாலம் கழித்துத் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து எழுதினார். அந்த ‘வேகமாக’வில் நான் கையெழுத்து வைத்திருந்தால் என் முழுக் கிளெய்மும் அதில்தான் தொங்கியிருக்கும். வாசிக்க முடியாத எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கார் ஓடுகிறதே என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். என்னுடையதில் ரேடியேட்டர் வெடித்து, பச்சைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டு நின்றது. மழைத் தண்ணீரோடு கலந்ததில் முதலில் தெரியவில்லை. அப்படியே ஓட்டி எஞ்சின் சூடாகிப் பழுதானால், அது விபத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஓட்டியதால் வந்தது என்பார்கள். கட்டி இழுக்கும் செலவு பொலிசியில் இருக்கிறதா, எவ்வளவு வரைக்கும் என்று கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பில்லை வாங்குங்கள்.

வெள்ளத்துக்குள் நின்ற காருக்கு இது இன்னும் பொருந்தும். தண்ணீர் ஏறிய எஞ்சினை ஒருதரம்கூட ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக்கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து எஞ்சினே போய்விடும். பற்றரிக் கம்பியைக் கழற்றிவிட்டுப் போன் பண்ணுங்கள். வெள்ளம், புயலுக்கான காப்பு உங்கள் பொலிசியில் உண்டா என்பதையும் இப்போதே பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வானின் மேல் முருங்கை விழுந்தது. ஃபுல் இன்சூரன்ஸ்தான், ஆனால் அந்தக் காப்பைச் சில ஆயிரம் ரூபாவுக்காக வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். அடுத்தவருக்கு வந்த நட்டத்தை மட்டும் பார்க்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குச் சொந்த வாகனச் சேதத்துக்கு ஒரு சதமும் வராது.

கராஜ் விஷயத்தில் ஒன்றே ஒன்று: கம்பனி எழுத்தில் ஒப்புதல் தரும்வரை ஒரு ஆணிகூடக் கழற்ற விடாதீர்கள். பாஸ்மார் நல்ல மனதோடுதான் “நாளைக்கே தொடங்குறன்” என்பார்கள். முதலில் எஸ்டிமேட், பிறகு கம்பனி பார்க்கும், பிறகு வேலை. கழற்றும்போது உள்ளே புதிதாகச் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்ப அசெசரைக் கூப்பிட வேண்டும். என் காரில் ஏசிக் கண்டென்சர் அப்படித்தான் வந்தது. பழைய சாமான்களை எறியவேண்டாம், கம்பனி கேட்கும்.

காசுக் கணக்கு. எஸ்டிமேட் 2,14,000 ரூபா. கம்பனி பெயின்ட் கூலியைக் குறைத்து 1,98,000 ஒப்புக்கொண்டது. அதில் சாமான்களின் விலை 1,48,000. பழைய கார் என்பதால் சாமானில் 20 வீதம், அதாவது 29,600 தேய்மானம் என்று கழிந்தது. எக்ஸஸ் 10,000, எல்லாக் கிளெய்மிலும் நாம் போடவேண்டிய முதல் பங்கு அது. கைக்கு வந்தது 1,58,400. மிச்சம் 55,600 என் சம்பளத்தில். தேய்மான வீதம் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு மாதிரி. பொலிசி எடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வியை நான் காசோலை வந்த அன்றுதான் கேட்டேன்.

இதைவிடப் பெரிய அடி எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியருக்கு விழுந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். ஆனால் இன்சூரன்ஸ் தொகையைப் பலர் பழைய விலையிலேயே விட்டிருந்தோம், தவணைக்காசு குறையும் என்று. கார் 50 லட்சம் பெறும், நீங்கள் 35 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 4 லட்சத்துக்குச் சேதம் என்றால் கம்பனி 2,80,000தான் தரும். பத்தில் ஏழு பங்குக்குத்தானே காப்புறுதி செய்தீர்கள் என்பது அவர்கள் கணக்கு. கணித ஆசிரியருக்கே இந்தப் பின்னம் கிளெய்ம் முடிந்தபிறகுதான் விளங்கியது என்று நாங்கள் இன்னும் பகிடி பண்ணுகிறோம்.

சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குச் சேரும் போனஸ் கழிவு ஒரு கீறலோடு குறையும். வருகிற வருடத் தவணை எவ்வளவு கூடும் என்று கிளைக் காரியாலயத்தில் கேட்டு, திருத்தச் செலவோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். லீசிங்கில் உள்ள கார் முழுதாக அழிந்தால் காசு முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும், மீதிதான் உங்களுக்கு. அதுவரைக்கும் லீசிங் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.

மறுத்தால் வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பனியின் தலைமைக் காரியாலயத்துக்கு முறைப்பாடு. அதிலும் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கக் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. கடிதங்களின் திகதி, கதைத்தவர்களின் பெயர் எல்லாம் ஒரு கொப்பியில் இருந்தால் அங்கே உதவும்.

ஜனவரியில் என் பொலிசி புதுப்பிக்க வந்தது. தொகையை இன்றைய விலைக்கு ஏற்றி, வெள்ளக் காப்பையும் சேர்த்தேன். தவணை பதினோராயிரம் கூடியது. சித்தப்பா கேட்டுவிட்டு, “அநியாயக் காசு, மாரி முடியப்போகுது” என்றார்.