தோற்ற போரிலிருந்து பாடம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் சர்வதேச உறவுகள் விடைத்தாள்களைத் திருத்தத் தொடங்கி எனக்கு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு ஒரு வார இதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திய இருபது ஆண்டுப் போரிலிருந்து நாடுகள் கற்க வேண்டியவை யாவை என்ற வினாவை 2021க்குப் பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்துவருகிறேன். நாற்பது தாள்கள் வந்தால் முப்பதில் ஒரே தவறுகள்தான் இருக்கும். அவற்றில் பலவும் இதழில் இருந்த நாட்களில் நானே அச்சில் ஏற்றியவை என்பதால், சிவப்பு மையால் வட்டம் போடும்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

தாலிபானையும் அல்-காய்தாவையும் ஒன்றாக்குவது, போர் தொடங்கிய நாளாக 2001 அக்டோபர் 7க்குப் பதில் செப்டம்பர் 11ஐ எழுதுவது போன்ற பிழைகளைப் பாடப்புத்தகமே திருத்திவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘பேரரசுகளின் கல்லறை’ என்று தொடங்குவது

இருபது தாள்களாவது இப்படித்தான் தொடங்குகின்றன. 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வழியிலேயே அழிந்தது உண்மை. ஆனால் இரண்டாம் ஆங்கிலேய-ஆப்கன் போரின்போது, 1879இல் கையெழுத்தான கண்டமாக் ஒப்பந்தத்தின் பிறகு, ஆப்கானிஸ்தானின் வெளியுறவு 1919 வரை, அதாவது நாற்பது ஆண்டுகள், பிரிட்டிஷாரின் பிடியில் இருந்தது. 1504இல் காபூலைப் பிடித்த பாபர் அங்கே புதைந்துபோகாமல், அங்கிருந்தே புறப்பட்டு 1526இல் டெல்லிக்கு வந்துசேர்ந்தார். பழியை மலையின் மீதும் மண்ணின் மீதும் போட்டுவிட்டால், வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவெடுத்த யாருடைய பெயரையும் எழுத வேண்டியதில்லை. இந்தத் தொடரின் கவர்ச்சி அந்த வசதியில்தான் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

எது வெற்றி என்று சொல்லாமல் தோல்வி என்பது

அல்-காய்தாவை விரட்டுவதா, தாலிபானை ஒழிப்பதா, ஓர் அரசையே கட்டி எழுப்புவதா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியது. எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறீர்களோ அந்த ஆண்டின் இலக்கைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

‘3 லட்சம் பேர் இருந்தும் தோற்றார்கள்’ என்று எழுதுவது

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 2021 ஜூலை 8 அன்று அமெரிக்க அதிபர் ஜோ பைடன், நல்ல ஆயுதங்களோடு 3 லட்சம் ஆப்கன் வீரர்கள் இருக்கிறார்கள், எதிரே இருப்பவர்கள் சுமார் 75 ஆயிரம் தாலிபான்கள்தான் என்று பேசினார். ஆகஸ்ட் 6இல் முதல் மாகாணத் தலைநகராக சரஞ்ச் வீழ்ந்தது; 15ஆம் தேதி காபூலே கைமாறியது. மாணவர்கள் இந்தப் பேச்சையும் அந்த வீழ்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஓர் ‘ஆகவே’ போட்டு, மன உறுதி இல்லாத படைக்கு எத்தனை ஆயுதம் கொடுத்தாலும் பயனில்லை என்ற பாடத்தை எடுத்துவிடுகிறார்கள்.

நான் செய்தது இதற்கும் மேலான தவறு. 2013 ஜூனில் நாடு முழுவதும் பாதுகாப்புப் பொறுப்பை ஆப்கன் படைகள் ஏற்றுக்கொண்டபோது, அந்த நாடு இனித் தன் காலில் நிற்கும் என்று இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினேன். அதில் ஆப்கன் படைபலம் 3,52,000 என்று போட்டேன். அது வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை. களத்தில் நின்றவர்களின் எண்ணிக்கை என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதோடு விடாமல், ஓவியரிடம் சொல்லி, எண்ணிக்கையை ஒப்பிடும் வரைபடத்தில் அந்தப் படைக்குப் பனைமர உயரத்தில் ஒரு கம்பமும், தாலிபானுக்கு முழங்கால் உயரத்தில் ஒன்றும் வரையவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வேலூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இன்லண்ட் கடிதம் எழுதியிருந்தார். பட்டியலில் எத்தனை பேர் என்பதை எழுதியிருக்கிறீர்கள், லங்கரில் எத்தனை பேருக்கு ரொட்டி சுட்டார்கள் என்பதை யாரிடமாவது கேட்டீர்களா என்பதுதான் அதன் சாரம். ராணுவத்தில் சமையற்கட்டை லங்கர் என்பார்கள். பெரியவர் ஏதோ பழைய நினைப்பில் எழுதுகிறார் என்று சிரித்துவிட்டு, கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன்; வாசகர் பகுதியில்கூட வெளியிடவில்லை.

அவர் கேட்டதுதான் கேள்வி. 2021இன் தொடக்கத்தில் சொல்லப்பட்ட அந்த 3 லட்சத்தில் ஏறக்குறைய 1.18 லட்சம் பேர் காவல் துறையினர். மிச்சமிருந்த ராணுவக் கணக்கிலும் ஆளில்லாத பெயர்கள் நிறைய இருந்தன. நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோலில் ஊரில் இல்லாதவர் பெயருக்கும் வருகை விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓடிப்போனவன், செத்துப்போனவன், எப்போதும் இருந்திராதவன் என எல்லோருக்கும் சம்பளம் வரும், தளபதி வாங்கிக்கொள்வார். இறந்தவரின் குடும்பத்துக்குச் சம்பளம் நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் பெயரை நீக்காமல் விட்டவர்களும் உண்டு.

2009இல் வர்தக் மாகாணத்தில் ஐம்பது சொச்சம் காவலர்களுக்குச் சம்பளத்தைக் கைப்பேசி வழியாக நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். பட்டியலில் பத்தில் ஒருவர் ஆளே இல்லை என்று தெரிந்தது. மற்றவர்களோ தங்களுக்குச் சம்பள உயர்வு வந்துவிட்டதாக நினைத்தார்கள். அதுவரை அவர்களுடைய பணத்தில் சுமார் 30 சதவீதம் மேலதிகாரிகளின் கையிலேயே நின்றுபோயிருந்தது. முழுச் சம்பளத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. ஓர் அதிகாரி தன் கீழிருந்த காவலர்களின் கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பதிலாகத் தானே பணம் எடுக்கப் பார்த்தார் என்பதும் அந்தச் சோதனையின் கதைதான். ஐம்பது பேரிடம் இவ்வளவு தெரிந்த பிறகும் லட்சக்கணக்கில் கம்பம் வரைந்தவர்களில் நானும் ஒருவன்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்ததா என்றால், இல்லை. ஆப்கன் மறுகட்டமைப்புச் செலவைக் கண்காணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2008இல் ஏற்படுத்திய சிறப்பு ஆய்வாளர் அலுவலகமான சிகார், காலாண்டுதோறும் இதையே எழுதியது. கைரேகையோடு இணைந்த சம்பளப் பதிவேட்டுக்கு மாறியபோது, 2019இல் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கணக்கிலிருந்து விழுந்தன. வந்த எண்கள் பிடிக்காதபோது என்ன செய்தார்கள் என்பதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2017இல் படைபலம் பற்றிய விவரங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி ரகசியமாக்கினார்கள். 2019 வாக்கில், எந்த மாவட்டம் யார் கையில் இருக்கிறது என்று கணக்கெடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் ஏறுகிறது என்பதற்காகத் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பரண்மேல் போட்டதுபோலத்தான்.

வியட்நாமோடு ஒப்பிடுகிறவர்கள் சைகோனிலும் காபூலிலும் பறந்த ஹெலிகாப்டர்களின் படங்களை ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது இந்தப் பட்டியலை. தென் வியட்நாம் படையிலும் ஆளில்லாப் பெயர்களுக்குச் சம்பளம் போனது; அவர்களுக்குப் ‘பேய்ப் படையினர்’ என்று வியட்நாமிய மொழியிலேயே ஒரு பெயர் இருந்தது. 1967 முதல் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் பள்ளிக்கூடம் போல எழுத்து மதிப்பெண் போட்டு, நாட்டில் எத்தனை சதவீதம் பாதுகாப்பாக இருக்கிறது என்று கணினியில் ஏற்றினார்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டிருந்தபோதே, 1968 ஜனவரி இறுதியில், கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல் வந்தது. மதிப்பெண் போட்ட அதிகாரி பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான் அங்கே இருப்பார். தன் ஆண்டில் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்பது அவர் கவலை. ஆப்கானிஸ்தானிலும் இதே சுழற்சிதான். இருபது ஆண்டு முயற்சி ஒன்று நடக்கவில்லை, ஓராண்டு முயற்சிகள் இருபது நடந்தன என்று சிகார் 2021இல் எழுதியது.

எரிச்சல் ஊட்டும் பகுதி இனிமேல்தான். அந்த 3 லட்சம் என்ற எண் இரண்டு முறை பயன்பட்டது. முதலில் நம்பிக்கையூட்ட, காபூல் வீழ்ந்ததும், இத்தனை பேர் இருந்தும் சண்டை போடவில்லை என்று பழிபோட. ஆகஸ்ட் 16 அன்று பைடன், ஆப்கன் படைகளே தமக்காகப் போரிட விரும்பாத போரில் அமெரிக்கர்கள் சாகக் கூடாது என்றார். அமெரிக்க அரசின் கணக்குப்படியே அந்தப் போரில் இறந்த ஆப்கன் படையினர் குறைந்தது 66 ஆயிரம் பேர். இறந்த அமெரிக்க வீரர்கள் 2,443 பேர். ஆப்கன் நிதியமைச்சராக இருந்த காலித் பயேந்தா, 3 லட்சத்தில் பெரும்பாலானோர் இல்லவே இல்லை என்று சில மாதங்களில் வெளிப்படையாகச் சொன்னார். இல்லாத மனிதன் எப்படி ஓடிப்போவான்?

இருந்தவர்களுக்கோ பல இடங்களில் மாதக்கணக்கில் சம்பளம் போகவில்லை. தாங்களே பெரும்பாலும் பழுதுபார்த்துக்கொள்ளத் தெரிந்திருந்த ரஷ்யத் தயாரிப்பு எம்ஐ-17 ஹெலிகாப்டர்களை ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தக்காரர்கள் இல்லாமல் பராமரிக்க முடியாத அமெரிக்கத் தயாரிப்பு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை 2017 முதல் அவர்களுக்குக் கொடுத்தார்கள். 2021 கோடையில் ஒப்பந்தக்காரர்களும் கிளம்பிவிட, பழுதுபார்க்கும் முறையை வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

இதற்கு எதிரிடையான உதாரணம் அதே நாட்டில் இருக்கிறது, ஒரு தாளில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. 1989 பிப்ரவரி 15இல் சோவியத் படை முழுவதுமாக வெளியேறியபின், அதன் ஆதரவில் ஆண்டுவந்த அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில வாரம்கூடத் தாங்காது என்று பலர் எதிர்பார்த்தார்கள். அடுத்த மாதமே கிளர்ச்சிப் படைகள் ஜலாலாபாத் நகர் மீது நடத்திய பெருந்தாக்குதலை ஆப்கன் ராணுவம் சோவியத் தரைப்படை இல்லாமலே முறியடித்தது. மாஸ்கோவிலிருந்து எண்ணெயும் வெடிபொருளும் பணமும் வந்துகொண்டிருந்த வரை அந்த அரசு நின்றது. 1992 தொடக்கத்தில் அந்த உதவி நின்றது, ஏப்ரலில் அரசு வீழ்ந்தது. அதே ஊர் ஆட்கள்தான். ‘ஆப்கன்களுக்குப் போராட மனமில்லை’ என்ற பாடத்தை எழுத நினைப்பவர் முதலில் ஜலாலாபாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

ஆகவே ஒரு படையின் எண்ணிக்கையை எழுதுவதற்கு முன், அதை எண்ணியவர் யார், அந்த எண் பெரிதாக இருப்பதால் யாருக்கு லாபம், போன மாதச் சம்பளம் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, ஹெலிகாப்டர் நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார் என்ற நான்கையும் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் எண்ணையே எழுதாதீர்கள்; தேர்வாளர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மேசையில் யார் இல்லை என்று பார்க்காதது

2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் புதிய ஆப்கன் ஆட்சிக்கான உடன்பாடு எழுதப்பட்டபோது தாலிபான் அங்கே இல்லை. அதே நாட்களில் காந்தஹாரில் அவர்களில் சிலர் சரணடைய முன்வந்ததையும் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட் ஏற்கவில்லை. 2020 பிப்ரவரி 29இல் கத்தாரின் தோகாவில், அமெரிக்கப் படை வெளியேறுவதற்கான உடன்பாட்டில் தாலிபானும் அமெரிக்காவும் கையெழுத்திட்டபோது ஆப்கன் அரசு அங்கே இல்லை. தொடக்கத்தில் ஒருவரையும் முடிவில் மற்றவரையும் வெளியே நிறுத்திய போர் இது. மாணவர்கள் தோகாவை மட்டும் எழுதுகிறார்கள். பான் உடன்பாட்டையும் எழுதினால்தான் தோகாவின் விலை புரியும்.

‘ஊழல்’ என்ற ஒரே சொல்லில் முடிப்பது

ஆப்கன் விமானப் படைக்கு அமெரிக்கா 54.9 கோடி டாலர் செலவழித்து வாங்கித்தந்த 20 போக்குவரத்து விமானங்களில் 16ஐப் பழைய இரும்பு விலைக்கு, பவுண்டுக்கு 6 சென்ட் என்று, காபூலிலேயே போட்டார்கள். வாங்கியது எந்த நாட்டு அதிகாரிகள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நம் படை போன இடத்தை மறப்பது

தமிழில் இந்த விடையை எழுதுகிறவர்கள்கூட 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தையும் அதன்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படையையும் பெரும்பாலும் தொடுவதில்லை. 32 மாதங்களில் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும், அவர்களைவிடப் பல மடங்கு ஈழத் தமிழர்களும் செத்துப்போன கணக்கு அது. மேலே சொன்ன பட்டியல் தவறு அங்கேயும் நடந்தது. படை வெளியேறும் நாள் நெருங்கியபோது, வடகிழக்கு மாகாண அரசைக் காக்க 1989இல் இந்திய ஆதரவோடு தமிழ்த் தேசிய இராணுவம் என்ற ஒன்று திரட்டப்பட்டது. தெருவிலும் பேருந்திலும் பிடிபட்ட பதின்ம வயதுப் பையன்கள் பலர் அதில் இருந்தார்கள். ‘பிள்ளை பிடி’ என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. காகிதத்தில் அதுவும் ஒரு படைதான். இந்தியப் படை ஒவ்வோர் இடமாக விட்டு விலக விலக, விடுதலைப் புலிகள் முன் அது கரைந்தது. 1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரர்கள் திருகோணமலையில் கப்பலேறியபோது பிடிபட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள் என்பதை, ஆப்கானிஸ்தானைப் பற்றி எழுதும் தமிழ் மாணவர் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

கடைசி வீரரின் படத்தோடு முடிப்பது

2021 ஆகஸ்ட் 30 நள்ளிரவுக்குச் சற்று முன் காபூல் விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க ஜெனரல் விமானத்தை நோக்கி நடந்துவரும் பச்சை நிற இரவுப் படம் எல்லோருக்கும் பிடித்த முடிவு. போர் தொடுத்த நாட்டுக்கு அன்றிரவோடு கணக்கு முடிந்திருக்கலாம். ஆப்கன் அரசின் பொதுச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டு உதவியில் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது. மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் நியூயார்க்கில் முடக்கப்பட்டது. பள்ளி ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் போக, 2022 தொடக்கத்தில் யுனிசெஃப் சுமார் 1.94 லட்சம் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 100 டாலர் மதிப்பில் இரண்டு மாதத்துக்குப் பணம் கொடுத்தது. இந்தப் பட்டியலில் இருந்தவர்கள் வகுப்பறையில் நின்றுகொண்டிருந்த ஆட்கள், சம்பளம்தான் இல்லாதிருந்தது.