பந்து எகிறவில்லையா? பம்பை எடுக்கும் முன்

பந்து எகிறவில்லை என்றால் எல்லோரும் முதலில் தேடுவது பம்பைத்தான். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை பக்கம் கடற்கரை மணலில் பந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "காத்து போதாது" என்று இன்னும் நாலு அடி அடிப்பார்கள். மணலில் விழும் பந்து மணலை விலக்குவதிலேயே தன் வேகத்தைத் தொலைத்துவிடும்; எவ்வளவு காற்று அடித்தாலும் அங்கே எகிறாது. சிமென்ட் தரையில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கால்பந்துக்கு விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (பம்பு மானி காட்டும் காற்றழுத்த அளவு) காற்று போதும். அதற்கு மேல் கல்லாக அடித்தால் தையல் விடும், தலையால் முட்டுகிறவனுக்கு மண்டை வலிக்கும். உலர்ந்த ஊசியை அப்படியே குத்துவதும் வேண்டாம், வால்வு கிழியும். ஒரு சொட்டு கிளிசரின் தடவிக்கொள்ளுங்கள்.

மெத்தென்று இருப்பதுதான் எகிறும் என்பது அடுத்த தப்புக் கணக்கு. களிமண்ணும் மெத்தென்றுதான் இருக்கிறது, போட்டால் சொத்தென்று கிடக்கும். சைக்கிள் பேரிங் குண்டை கருங்கல் தளத்தில் போடுங்கள், நன்றாகவே எகிறும். நசுங்கிய பொருள் பழைய வடிவத்துக்கு எவ்வளவு முழுசாகத் திரும்புகிறது என்பதுதான் விஷயம். திரும்பாத பங்கு பெரும்பாலும் சூடாகப் போய்விடும். புது டென்னிஸ் பந்தையே 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 வரைதான் எழ வேண்டும் என்பது விதி. கைக்குத் திரும்பி வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்திலும் பால் பிடிக்கும் சிரட்டை ஓரத்திலும் காய்ந்த ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் கொஞ்சம் அழுக்கு மணம் வீசும் ஒரு பந்து கிடைக்கும். கடைப் பந்து பிச்சை வாங்க வேண்டும், அப்படி எகிறும். அதை வெயிலில் மட்டும் போட்டுவிடக் கூடாது. பதப்படுத்தாத பச்சை ரப்பர் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியதில்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கடைப் பந்துகள் வெயிலைத் தாங்குவது அதனால்தான்.

சரி, பந்து எகிறாததுதான் சிக்கல் என்றால், எகிறவே கூடாத ஒன்றும் உண்டு: ரப்பர் சீட் (பாலை உறைய வைத்து எடுக்கும் தகடு) விற்ற பணத்துக்கு வியாபாரி தந்த செக். அது பணமில்லை என்று பவுன்ஸ் ஆகித் திரும்பினால்? "அடுத்த வாரம் தாறேன்" என்பதை நம்பி நாளைக் கடத்துவதுதான் பெரிய தவறு. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். போனில் திட்டியது கணக்கில் வராது. நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் தரவில்லை என்றால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். செக்கின் ஆயுள் 3 மாதம். அதற்குள் மறுபடியும் வங்கியில் போட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் வங்கி தந்த மெமோவையும் பதிவுத் தபால் ரசீதையும் தொலைத்துவிடாதீர்கள்.