எம்பி4 கோப்பை அம்மம்மாவின் டிவிடி பிளேயரில் ஓடவைப்பது எப்படி

கனடாவில் நடந்த மச்சாளின் கல்யாண வீடியோ வந்து சேர்ந்தது. மூன்று மணி நேரம், ஒரே எம்பி4 கோப்பு. வெள்ளவத்தையில் இருக்கும் அம்மம்மாவுக்குப் போனில் பார்த்தால் கண் நோகும், அவருக்குப் பழக்கமானது பழைய டிவிடி பிளேயரும் அதன் ரிமோட்டில் இருக்கும் பிளே பட்டனும்தான். சரி என்று கோப்பை அப்படியே ஒரு டிஸ்க்கில் கொப்பி பண்ணிக் கொண்டுபோய்ப் போட்டேன். பிளேயர் கொஞ்ச நேரம் கறகறவென்று சுற்றிப் பார்த்துவிட்டு, இது என்ன டிஸ்க் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. அம்மம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிழை என்னுடையதுதான். வீட்டு டிவிடி பிளேயர் ஒரு கொம்பியூட்டர் இல்லை. படம் எம்பெக்-2 முறையில் இருக்க வேண்டும், ஒலி ஏசி-3 போன்ற ஒன்றில் 48 கிலோஹேர்ட்ஸில் இருக்க வேண்டும், எல்லாம் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகளாக அடுக்கியிருக்க வேண்டும். இந்த அடுக்கு இல்லாவிட்டால் உள்ளே என்ன படம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே கொப்பி பண்ணுவது வேறு, டிவிடி செய்வது வேறு.

ஆனால் தொடங்குவதற்கு முன் பிளேயரின் முகப்பை ஒரு தடவை பாருங்கள். டிவ்எக்ஸ் என்று போட்டிருந்தால் எக்ஸ்விட் முறையில் மாற்றிய ஏவிஐ கோப்பை அப்படியே ஓட்டும், யூஎஸ்பி துளையும் இருந்தால் டிஸ்க்கே தேவையில்லை. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபோர்மட் பண்ணுங்கள், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். அம்மம்மா வீட்டுப் பிளேயரில் இரண்டும் இல்லை, அதனால் நீண்ட வழிதான்.

டிஸ்க் வாங்கும்போது டிவிடி மைனஸ் ஆர் கேளுங்கள், பழைய பிளேயர்கள் பிளஸ் ஆரைவிட அதைத்தான் சண்டை போடாமல் வாசிக்கும். புதிய லப்டொப்புகளில் டிஸ்க் டிரைவே இல்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வேண்டும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போய் விசாரியுங்கள். டிஸ்க்கின் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸோ 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இரண்டும் எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான்.

எத்தனை மணி நேரம் ஒரு டிஸ்க்கில் அடங்கும் என்பதில்தான் எல்லாரும் பேராசைப்படுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கும் (இதைத்தான் பிட்ரேட் என்பார்கள்), படம் நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் அது மூன்றரையாகக் குறைந்துவிடும், பட்டுச்சேலைக் கரையெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். நான் இரண்டாகப் பிரித்தேன்: தாலி கட்டி ஆசீர்வாதம் முடியும்வரை ஒரு டிஸ்க், வரவேற்பு இன்னொன்று.

மாற்றுவதற்கு டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் போதும். புதிய புரொஜெக்ட் தொடங்கும்போதே அளவு 4.7, திரை 16:9, ஒலி ஏசி-3, பிட்ரேட் தானியங்கி என்று வைத்துவிடுங்கள். அடுத்தது பாலா (PAL) என்டிஎஸ்சியா (NTSC) என்ற கேள்வி, இவை நாட்டுக்கு நாடு மாறும் இரண்டு டிவி முறைகள். இலங்கை பால் நாடு, விநாடிக்கு 25 ஃபிரேம், 720க்கு 576. கனடாவில் எடுத்ததோ 29.97. அதைப் பாலுக்கு மாற்றினால் ஃபிரேம்களை இடையிடையே உருவ வேண்டும், கமெரா மெல்லத் திரும்பும் இடங்களில் படம் துள்ளும். இப்போதைய டிவிகள் இரண்டையும் எடுக்கும் என்பதால் என்டிஎஸ்சியாகவே விட்டேன். பெட்டி மாதிரியான பழைய டிவி என்றால் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அங்கே பால்தான் பாதுகாப்பு.

மெனு வேண்டாம். பூப்போட்ட மெனு செய்து அதில் பட்டன் தேட வைத்தால் அம்மம்மா டிவியையே நிறுத்திவிடுவார், போட்டவுடன் ஓடட்டும். அதற்குப் பதிலாக ரிமோட்டில் தாவிப் போகக்கூடிய சப்டர் வையுங்கள், தாலி கட்டும் நிமிடத்தில் கட்டாயம் ஒன்று. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

வரவேற்பில் மாப்பிள்ளையின் தோழன் ஆங்கிலத்தில் பேசியிருந்தான், அதற்குத் தமிழில் சப்டைட்டில் போட நினைத்தேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் திரையில் புரியாத கிறுக்கல்தான் வரும், யூனிகோடில் எழுதி யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், வீடியோ மாற்றும் இன்னொரு இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் எழுத்தைப் படத்தோடேயே பதித்துவிட்டு, அந்தக் கோப்பை டிவிடிஸ்டைலருக்குக் கொடுங்கள். போனில் எடுத்த துண்டுகள் இருந்தாலும் முதலில் ஹேண்ட்பிரேக்கில் ‘கொன்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் போகப் போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

கடைசியில் நேரே டிஸ்க்கில் எழுதாமல், முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக இருக்கும் ஐஎஸ்ஓவாக எடுங்கள். விஎல்சி பிளேயரில் திறந்து நடுவிலும் முடிவிலும் பார்த்துவிட்டு, அப்புறம் டிஸ்க் எழுதும் மென்பொருளான இம்ஜ்பேர்னிலோ விண்டோஸின் ‘பேர்ன் டிஸ்க் இமேஜ்’ மூலமோ எழுதுங்கள். வேகம் 4 அல்லது 8 போதும், எழுதியது சரியா என்று சரிபார்க்கும் வெரிஃபை டிக்கை எடுத்துவிடாதீர்கள். லப்டொப் பற்றரி நிறைந்திருக்கட்டும், பாதியில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் மாமரத்தில் கட்டிக் கிளி விரட்டத்தான் உதவும்.

மேலே ஸ்டிக்கர் ஒட்டவேண்டாம், சமநிலை கெட்டுச் சத்தம் போடும். டிஸ்க்குக்கென்று இருக்கும் மென்மையான மார்க்கரில் பெயரை எழுதுங்கள், போல்பொயின்ட் பேனாவால் கீறாதீர்கள். ஐஎஸ்ஓவை அழிக்கவும் வேண்டாம். அம்மம்மா பார்த்த மறுநாளே கொட்டாஞ்சேனைச் சித்தி தனக்கும் ஒன்று கேட்டார், அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமி.