மெத்தடோன் குடிப்பவரின் மூளையில் நடப்பதை வீட்டாருக்கு விளக்குவது எப்படி?

மலேசியாவின் பினாங்கில் ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மெத்தடோன் என்னும் மாற்று மருந்தைக் குடித்துவரும் தம்பியைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டானா? இதற்கு மூளையின் செயல்முறையிலிருந்து பதில் சொல்லுங்கள்.

முதலில் மியூ ஏற்பியைப் பற்றிக் கூறுங்கள். வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின் வந்து பிணைவதற்காக நரம்பணுக்களின் மேல் அமைந்துள்ள புரதம் அது. ஹெராயின் உடலில் மார்ஃபினாக மாறி, அதே ஏற்பியில் வெகு வேகமாகப் பிணைகிறது.

அடுத்தது டோபமின் என்னும் மூளை வேதிப்பொருள், இங்கே அவசரப்படாதீர்கள். நடுமூளையிலுள்ள டோபமின் அணுக்களைக் காபா என்னும் வேதிப்பொருள் கடிவாளம்போல் அடக்கி வைத்திருக்கிறது. ஹெராயின் அந்தக் காபாவைச் சுரக்கும் அணுக்களை மந்தமாக்குவதால், பிடி தளர்ந்து, டோபமின் அளவு திடீரென்று உயர்கிறது. டோபமினை வெறும் இன்பச் சுரப்பு என்று சொல்லி முடித்துவிடுவது பாதி உண்மையே. எது கிடைத்தது, எங்கே, யாருடன் இருந்தபோது கிடைத்தது என்பதையெல்லாம் மூளைக்கு அழுத்தமாகக் கற்பிப்பதும் அதுதான். பல மாதங்கள் விலகியிருந்தவருக்குக்கூட, பழைய கூட்டாளியின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் ஏக்கம் பொங்குவதற்குக் காரணம் அந்தப் பாடமே. மனவுறுதிக் குறைவு என்று அதைப் பழிப்பதில் பயனில்லை.

நாளடைவில் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. ஹெராயின் நின்றதும், அதுவரை அடங்கியிருந்த, உடலைப் பரபரப்பாக்கும் நோரட்ரினலின் என்னும் வேதிப்பொருள் பெருகி, வியர்வை, மயிர்க்கூச்சம், தூக்கமின்மை ஆகியவற்றைக் கொண்டுவருகிறது.

மெத்தடோனும் அதே ஏற்பியில்தான் பிணைகிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் வாய்வழி குடிப்பதால் அது மெதுவாக ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நிலைத்து நிற்கிறது. சரியான அளவில் திடீர் உச்சமும் இல்லை, கடும் சரிவும் இல்லை. பெரியவர்களின் கேள்விக்கு விடை இந்த வேக வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மறவாமல் எச்சரிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் மியூ ஏற்பிகள் உள்ளன. சில நாள்கள் மருந்து தவறினாலே உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவை மீண்டும் எடுப்பது மூச்சையே நிறுத்தக்கூடும். கிளினிக்கில் கேட்ட பிறகே தொடர வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இந்த ஆபத்தைப் பெருக்கும். வடக்கில் பலர் சாதாரணமாக நினைத்துக் குடிக்கும் கெத்தும் என்ற இலையின் நீரிலுள்ள மித்ராஜினைன் என்னும் பொருளும் மியூ ஏற்பியில் பிணைவதால், அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எழுப்பியும் எழாமல், மூச்சு மெலிந்து, உதடு நீலம் பாரித்தால், உடனே 999-ஐ அழையுங்கள்.