கன்வென்ஷனுக்கு முந்தைய ஜெபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் கன்வென்ஷன், அதாவது பந்தல் போட்டு நடத்தும் சிறப்புச் செய்திக் கூட்டம், நடக்கும். நோட்டீஸ் அச்சுக்குப் போனதும் ஆயத்த ஜெபம் என்று ஒன்று தொடங்கும். அதை நடத்தும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. இப்போது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அதை ஆர்வமாக எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்த வயதில் எங்கெல்லாம் இடறினோமோ, அதே இடங்களில் அவர்களும் இடறுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாமதமாக வருவது, ஜெபத்தின் நடுவில் செல்போனைப் பார்ப்பது, கண்ணை மூடியதும் தூங்கிப்போவது போன்றவற்றைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அவை தவறு என்று எல்லாருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்கிறவைதான் எனக்குக் கவலை.

கடைசி வாரத்தில் தொடங்குவது

எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று, பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த நெகேமியா கேள்விப்பட்டது கிஸ்லேவு மாதத்தில். ராஜாவின் முன்னால் அவன் வாய் திறந்தது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் மன்றாட்டுமாகவே போயிருக்கிறது. நாமோ பந்தல்காரர் கம்பு இறக்கும் வாரத்தில்தான் முழங்காலில் நிற்க ஆரம்பிக்கிறோம். அந்த வாரத்தில் யாருக்கு மனம் அமரும்? செய்தியாளருக்கு, அதாவது பிரசங்கிக்க வருகிறவருக்கு, தங்க இடம், சவுண்ட் சர்வீஸ், கரண்ட், சாப்பாடு என்று ஆயிரம் ஓட்டம் இருக்கும்.

குறைந்தது ஒரு மாதம் முன்னால் தொடங்குங்கள். தினமும் அரை மணி நேரம் போதும். ஒரே ஒரு முழு இரவு ஜெபத்தை விட, விடாமல் நடக்கிற அந்த அரை மணி நேரத்தையே நான் நம்புகிறேன். முழு இரவு ஜெபத்தில் பாட்டு, சாட்சி, சுக்குக் காபி எல்லாம் போக ஜெபித்த நேரம் எவ்வளவு என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஜெபித்துவிட்டு, தன் இருதயத்தை விட்டுவிடுவது

இந்தத் தவறு இன்னும் என்னை விட்டுப் போகாமல் உறுத்துகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தச் சபையின் ஆயத்த ஜெபத்துக்கும் போய் உட்கார்ந்து கேளுங்கள். மழை வரக்கூடாது, கூட்டம் வர வேண்டும், செய்தியாளரின் தொண்டை பாதுகாக்கப்பட வேண்டும், மைக் ரிப்பேர் ஆகக்கூடாது, காணிக்கை செலவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், ஊர் ஜனங்களைக் கர்த்தர் தொட வேண்டும். இதில் எதுவும் கேட்கக்கூடாத காரியம் அல்ல. ஆனால் ஒரு மாதம் முழுக்க இதையே கேட்டுவிட்டு, "ஆண்டவரே, என்னைத் தொடும்" என்று ஒருவர்கூடச் சொல்லாமல் எழுந்து போவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில், ஒருவர் மாற்றி ஒருவர் விடாமல் ஜெபிக்கிற சங்கிலி ஜெபம் நடந்தது. ஒரு அட்டையில் மணிவாரியாகப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். விடியற்காலை நான்கு மணி ஒரு அண்ணனுக்கு. ஐந்து மணி இன்னொரு அண்ணனுக்கு. இரண்டு பேரும் கமிட்டியில் இருந்தவர்கள். முந்தைய ஆண்டு அசனப் பண்டிகை என்ற சபை விருந்தின் கணக்கில் வந்த சண்டையால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஜெப அறைக்கு ஒரே சாவி. முதலாமவர் ஜெபித்து முடித்துக் கதவைப் பூட்டி, சாவியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போவார். அடுத்தவர் அதுவரை வேப்பமரத்தடியில் நின்று, அவர் தெருமுனை திரும்பியதும் வந்து எடுப்பார். கையில் வாங்க வேண்டியிருக்குமே என்பதற்காக! இப்படியே கன்வென்ஷன் வரும்வரை நடந்தது. இரண்டு பேருமே உள்ளே போய், "இந்த ஊரை அசைத்தருளும் ஆண்டவரே" என்று அழுது ஜெபித்தார்கள். அந்த அழுகை பொய் இல்லை. அதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். தரையில் விழுந்து உண்மையாகவே அழலாம். ஆனாலும் ஆண்டவர் எந்தக் கதவைத் தட்டுகிறாரோ அதை மட்டும் பூட்டியே வைத்திருக்கலாம்.

அந்த ஊரில் சபைக்கே வராத ஒரு தம்பியைக் கூட்டத்துக்குக் கூப்பிடப் போனோம். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "முதல்ல அவங்க ரெண்டு பேரையும் பேசச் சொல்லுங்க. அப்புறம் நான் வர்றேன்" என்றான். எங்களிடம் பதில் இல்லை. பந்தல் நிறைந்தது, மழையும் வரவில்லை, மைக்கும் நன்றாகவே வேலை செய்தது. அந்தத் தம்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, போய் முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது நமக்கு மனப்பாடம். ஜெபமும் ஒரு காணிக்கைதான் என்பது மட்டும் ஏனோ நமக்கு உறைப்பதில்லை. நெகேமியாவைப் பாருங்கள். ஜனங்களின் பாவத்தை அறிக்கையிடத் தொடங்கியவன், "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்று தன்னையும் அதற்குள் நிறுத்துகிறான்.

கொரியாவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 1903 ஆகஸ்டில் வொன்சான் என்ற ஊரில் மிஷனெரிகள் சிலர் கூடினார்கள். ஜெபத்தைப் பற்றிப் பேசும்படி ராபர்ட் ஹார்டியிடம் கேட்டிருந்தார்கள். அவர் கனடாவிலிருந்து வந்த மருத்துவ மிஷனெரி. அங்கே வருஷக்கணக்கில் பாடுபட்டும் பலன் காணாதவர். செய்திக்காகத் தயார் செய்ய உட்கார்ந்தபோது, குறை ஜனங்களிடம் அல்ல, தன்னிடம்தான் என்று அவருக்கு வெளிச்சமாயிற்று. தன் பெருமையையும் இருதயக் கடினத்தையும் முதலில் சக மிஷனெரிகளுக்கு முன்பாக அறிக்கையிட்டார், அப்புறம் கொரிய சபையாருக்கு முன்பாகவும் அறிக்கையிட்டார். 1907-இல் பியாங்யாங்கில் பற்றிய எழுப்புதலின், அதாவது ஜனங்கள் திரளாக மனந்திரும்பிய அசைவின், தொடக்கத்தை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தேடுகிறார்கள். ஒரு கூட்டத்துக்காக ஆயத்தமான மனிதன் முதலில் தானே உடைந்தான். நம் ஆயத்த ஜெபங்களில் காணாமல் போயிருப்பது இதுதான்.

என்ன செய்யலாம்? முதல் வாரம் முழுக்கக் கன்வென்ஷனுக்காக ஒரு வார்த்தைகூட ஜெபிக்க வேண்டாம். "தேவனே, என்னை ஆராய்ந்து" என்று தொடங்கும் சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்களை வாசித்துவிட்டு அமைதியாக இருங்கள். யாரைக் கண்டால் நான் வேறு தெருவில் போகிறேன்? யாருக்குப் பணம் தர வேண்டும்? போன கன்வென்ஷனில் கை உயர்த்திச் சொன்ன வாக்கு என்ன ஆயிற்று? மனதில் ஒரு முகம் வந்தால் ஜெபத்தை முடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். போன் போதாது, நேரில் போக வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. யாருக்கு விரோதமாகச் செய்தோமோ அவரிடம் அறிக்கையிடுவதுதான் முறை. எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிப் பிறர் மானத்தையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள். இரண்டாவது, அடித்துத் துன்புறுத்தும் கணவனிடம் ஒரு சகோதரியைத் தனியாக அனுப்பி, "ஒப்புரவாகிவிட்டு வா" என்று சொல்லாதீர்கள். அப்படி அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்புரவாக வேண்டிய பொறுப்பு அடிக்கிறவனுக்குத்தான் இருக்கிறது. அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு.

சத்தத்தை வைத்து ஜெபத்தை அளப்பது

பிள்ளைக்காக ஆலயத்தில் ஜெபித்த அன்னாளின் உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் கேட்கப்படவில்லை.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுக் கதை

பெயரும் விவரமும் சொல்லாமலே ஒருவருக்காக ஜெபிக்க முடியும். அவரிடம் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

உபவாசத்தைப் போட்டியாக்குவது

"நான் மூன்று நாள், நீங்கள்?" என்ற கேள்வியே வரக்கூடாது. ஏசாயா 58-இல் கர்த்தர் விரும்பும் உபவாசம் பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதிலும், நுகத்தடியை உடைப்பதிலும் இருக்கிறது. உபவாசத்தால் மிச்சமான சாப்பாட்டுச் செலவு யார் வீட்டு அடுப்புக்குப் போயிற்று என்று குழுவில் ஒருவராவது கேட்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கிற சகோதரிகளுக்கும் இதையேதான் சொல்வேன். ஒருவேளை மட்டும் விடலாம், டிவியை விடலாம். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் குழுத் தலைவர் அங்கேயே தடுக்க வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை என்று பாதியில் நிறுத்துவது

இரண்டாம் வாரத்தில் ஆள் குறையும். முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஜெபம் காய்ந்துபோனது போல இருக்கும். அப்போதுதான் "வாரம் ஒருமுறை வைத்துக்கொள்வோமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பியாங்யாங்கிலும் இது நடந்திருக்கிறது. மிஷனெரிகள் தினமும் நண்பகலில் கூடி ஜெபித்து வந்தார்கள். ஒரு மாதம் போல ஆனதும், விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லையே, நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் யோசித்து, இன்னும் அதிக நேரம் ஜெபிக்க முடியும்படி மாலை நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டார்கள். எலியா தீர்க்கதரிசி மழைக்காக ஜெபித்தபோது, அவன் வேலைக்காரன் கடலைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தபோதும் இதேதான். ஏழாந்தரம் போனபோதுதான் உள்ளங்கை அளவு மேகம் தெரிந்தது.

விடாமல் ஜெபிப்பது தேவனை இணங்க வைப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். லூக்கா 18-இல் விதவை அலட்டியதால் இறங்கி வந்தவன் அநீதியுள்ள நியாயாதிபதி. பிதா அப்படிப்பட்டவர் அல்ல என்று காட்டத்தான் இயேசு அந்த உவமையைச் சொன்னார். ஜெபம் நீளும்போது மாறுவது நம் விண்ணப்பம்தான். முதல் வாரம் "பந்தல் நிறைய வேண்டும்" என்று கேட்டவர், நான்காம் வாரம் மகனிடம் கடுமையாகப் பேசியதற்காக அழுவார். அந்த மாற்றம் ஒரு நாளில் வருவதில்லை. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட்டில் 1904-இல் முதல் கன்வென்ஷன் நடக்கும் முன், மிஷனெரி ஜான் ஹைடும் அவர் நண்பர் பேட்டர்சனும் முப்பது நாள் ஜெபத்தில் காத்திருந்தார்கள். நம்மால் அவர்களைப் போல இரவும் பகலும் இருக்க முடியாது. வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஆனாலும் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்கு, ஒருவர் மட்டும் வந்தாலும் வரலாம்.

பெண்கள் ஜெபித்துக்கொள்வார்கள் என்று விடுவது

அப்போஸ்தலர் 1:14-இல் ஒருமனப்பட்டு ஜெபித்தவர்களில் ஸ்திரீகளும் இருந்தார்கள், பதினொரு அப்போஸ்தலரும் இருந்தார்கள். கமிட்டி ஆண்கள் வந்தே ஆக வேண்டும்.

கூட்டம் தொடங்கும் முன் கடைசி ஒரு மணி நேரம்

இந்த நேரத்தில் புதிய விண்ணப்பங்களைச் சேர்க்காதீர்கள். கேட்க வேண்டியதை ஒரு மாதமாகக் கேட்டாயிற்று. ஒரு சங்கீதம் வாசியுங்கள், ஸ்தோத்திரம் சொல்லுங்கள். செய்தியாளரைச் சுற்றி நின்று ஆளுக்கு ஐந்து நிமிடம் ஜெபித்து அவரைக் களைப்பாக்க வேண்டாம். ஒருவர் சுருக்கமாக ஜெபித்தால் போதும்.

முதல் பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்து பந்தலுக்கு வந்துவிடுங்கள். ஜெபக்குழு மொத்தமும் முன்வரிசையில் போய் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னால், ஓரத்தில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவரிடம் பாட்டுப் புத்தகம் இருக்காது. உங்களுடையதைக் கொடுத்து, எத்தனையாம் பக்கம் என்றும் எடுத்துக் காட்டுங்கள்.